குப்பையிலிருந்து ஒரு குப்பி மை

நாளிதழை வாசித்து முடித்துவிட்டுக் கையைப் பார்த்தால் விரல் நுனியில் இலேசாகக் கறுப்பு ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும்; அதோடு அதை மறந்தும் விடுகிறோம். அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டால் ‘மை’ என்பார்கள். மையில் கறுப்பாக இருப்பது எது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பலரும் தயங்குவார்கள். அது கரி. இன்னும் சரியாகச் சொன்னால் புகைக்கரி. சமையலறைச் சுவரில் படிவதும், பழைய லாரியின் புகைக்குழாய் வாயில் திரண்டு நிற்பதும் ஏறக்குறைய இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

இன்று உலகில் அச்சாகும் கறுப்பு எழுத்துகளில் பெரும்பாலானவை ‘கார்பன் பிளாக்’ எனப்படும் தொழிற்சாலைக் கரியால் ஆனவை. கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்கும் கனத்த எண்ணெயை உலைக்குள் தெளித்து, போதிய காற்றுக் கொடுக்காமல், 1,300 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் எரிக்கிறார்கள். அரைகுறையாக எரிந்த எண்ணெய் நுண்ணிய கரித்தூளாகிறது. இதில் பத்தில் ஒன்பது பங்கு டயர் முதலான ரப்பர் பொருள்களுக்குப் போய்விடுகிறது. மையும் சாயமும் பிளாஸ்டிக்கும் மிச்சத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு டன் கார்பன் பிளாக் செய்வதற்குள் இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயு காற்றில் கலந்துவிடுகிறது.

ஆக, கரி வேண்டும் என்பதற்காகவே ஓரிடத்தில் எண்ணெயை எரிக்கிறார்கள். அதே வேளையில் சாலையில் ஓடும் பழைய லாரியும், கட்டுமானத் தளத்தில் இரையும் ஜெனரேட்டரும் யாருக்கும் வேண்டாத கரியைக் காற்றில் கொட்டுகின்றன. வேண்டாத கரியைப் பிடித்து, வேண்டிய கரிக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் என்ன? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சிலர் அதில் வெற்றியும் பெற்றிருக்கிறார்கள். கழிவிலிருந்து மை செய்வது அப்படியொன்றும் கடினமன்று. அப்படிச் செய்த மை எந்த அளவுக்குப் பசுமையானது என்று கணக்குப் பார்ப்பதுதான் கடினம்.

விளக்குப் புகையில் விளைந்த எழுத்து

கழிவிலிருந்து மை எடுப்பது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. எகிப்திலும் சீனாவிலும் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே புகைக்கரியைப் பிசினோடு குழைத்து எழுதியிருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் புகை வரும். புகை வந்தால் கரி படியும். துடைத்து எறிய வேண்டிய அந்தக் கரிதான் பல நாகரிகங்களின் முதல் மை.

தமிழர்களுக்கும் இது பழக்கமான சங்கதி. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து அப்படியே இருந்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்து ஓலை முழுவதும் தடவித் துடைப்பார்கள். கீறலுக்குள் புகுந்த கரி மட்டும் தங்கி, எழுத்துப் பளிச்சென்று எழும். தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிகளில் கரும்பலகை வெளிறிவிட்டால், அடுப்புக்கரியையும் கோவை இலையையும் அரைத்துப் பூசும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. குழந்தையின் கண்ணுக்கு இடும் மையும் விளக்குப் புகையைப் பிடித்துச் செய்ததே. கண்ணுக்கும் எழுத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயல் அன்று.

இந்த வேலையை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் சீனர்களும் ஜப்பானியர்களும். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சிவப்புத் தாளில் தூரிகையால் வாழ்த்து எழுதுவதைப் பார்த்திருப்போம். அதற்குரிய மைக்கட்டி, பைன் மரப் புகைக்கரியையோ எண்ணெய் விளக்குக் கரியையோ விலங்குப் பசையில் பிசைந்து காயவைத்தது. ஜப்பானின் நாரா நகரில் 1577-ஆம் ஆண்டு தொடங்கிய கோபாயென் என்ற மைக்கடை இதற்குப் பெயர்போனது. அங்கே வரிசை வரிசையாகத் தாவர எண்ணெய் அகல்களை ஏற்றி, மேலே மண் மூடிகளைக் கவிழ்த்து வைப்பார்கள். கரி ஒரே இடத்தில் தடித்துப் போகாமல் இருக்க மூடியை அவ்வப்போது சற்றே திருப்பி வைப்பது ஓர் ஆளின் முழுநேர வேலை. சுடர் சிறுத்தால் கரி மென்மையாக இருக்கும். மை ஆழ்ந்த கறுப்பாக இறங்கும்.

துருக்கியின் இஸ்தான்புல் நகரில் 1550 முதல் 1557 வரை எழுந்த சுலைமானியா பள்ளிவாசலைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லப்படுகிறது. அதைக் கட்டிய சினான், உள்ளே எரியும் எண்ணற்ற விளக்குகளின் புகை சுவரைக் கறையாக்காமல் ஒரு தனி அறைக்குள் இழுக்கப்படும்படி காற்றோட்டத்தை அமைத்தாராம். அங்கே சேர்ந்த கரி எழுத்தர்களுக்கு மையாகப் பயன்பட்டதாம். கட்டடமும் சுத்தமாக இருந்தது, எழுதுவோருக்கும் மை கிடைத்தது. இன்றைய பொறியாளர்கள் செய்ய முயல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

கரி சேராத மையும் உண்டு. கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைக் கரைத்தால் நொடியில் கருத்துவிடும். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்து கறுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சி கடித்து உருவாகும் காய் போன்ற வீக்கத்தைப் பயன்படுத்தினார்கள். பல நூற்றாண்டுகளாக அங்கே சட்ட ஆவணங்களும் கடிதங்களும் அந்த மையில்தான் எழுதப்பட்டன. இதைச் சொல்லக் காரணம், கடைசியில் வரும் வீட்டுச் சோதனைக்கு இதே இரசாயனம்தான் உதவப்போகிறது.

பெங்களூரின் புகைக்குழாய்

அனிருத் சர்மா அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடகக் கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர். இந்தியாவுக்கு வந்திருந்தபோது தம் வெள்ளைச் சட்டையில் கறுப்புத் துகள்கள் படிந்திருப்பதைக் கவனித்தார். வாகனப் புகை மிகுந்த எந்த நகரத்திலும் எவர் சட்டையிலும் படிவதுதான். அவர் மட்டும் அதை மையாகப் பார்த்தார். 2013-ஆம் ஆண்டில் எம்.ஐ.டி.யில் மெழுகுவத்திக் கரியை எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கலந்து, அச்சு இயந்திரத்தின் மைக்கூட்டில் ஊற்றி அச்சிட்டுக் காட்டினார். பிறகு பெங்களூர் திரும்பி நண்பர்களுடன் கிராவிக்கி லேப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் செய்த மைக்கு ‘ஏர் இங்க்’, அதாவது காற்று மை, என்று பெயர்.

‘காலிங்க்’ என்று பெயரிட்ட உருளை வடிவச் சாதனத்தை வாகனத்தின் புகைக்குழாயில் பொருத்துவார்கள். இயந்திரத்தின் மூச்சை அடைக்காமல் புகையிலுள்ள துகள்களை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். நிரம்பியதும் கழற்றி எடுத்து, கரியிலிருந்து கன உலோகங்களையும் நச்சுப் பொருள்களையும் நீக்குவார்கள். எஞ்சும் தூய கரிமத்தை மிக நுண்ணியதாக அரைத்து, எண்ணெயோடும் பிற திரவங்களோடும் கலந்தால் மை தயார். ஒரு காரின் 45 நிமிடப் புகையில் 30 மில்லிலிட்டர் மை கிடைக்கும் என்பது அந்நிறுவனம் சொன்ன கணக்கு.

இந்த மையைப் பரவலாகத் தெரியவைத்ததில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்குண்டு. சிங்கப்பூரில் பிறந்த டைகர் பியர் நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் கிராவிக்கியுடன் கைகோத்து, ஹாங்காங்கின் ஷியுங் வான் வட்டாரத்தில் ஓவியர்களிடம் இந்த மையைக் கொடுத்துச் சுவர்களில் வரையச் சொன்னது. படங்கள் இணையத்தில் உலகைச் சுற்றின. அது விளம்பரம் என்பதில் ஐயமில்லை. எனினும், மூச்சில் போகவேண்டிய கரி சுவரில் ஏறியதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ஆய்வறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. 2017-ஆம் ஆண்டில் பொதுமக்களிடம் இணையம்வழி நிதி திரட்டி, தடித்த முனைப் பேனாக்களாகவும் குப்பிகளாகவும் இம்மை விற்பனைக்கு வந்தது.

டில்லியிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு குழு முளைத்தது. டில்லி ஐ.ஐ.டி. பட்டதாரிகள் தொடங்கிய சக்ர் இன்னொவேஷன் நிறுவனம் கார்களை விட்டுவிட்டு டீசல் ஜெனரேட்டர்களைக் குறிவைத்தது. கரும்புச்சாற்றுக் கடையொன்றின் அருகே, ஜெனரேட்டர் புகை பட்டுச் சுவர் முழுவதும் வண்ணம் பூசியதுபோல் கருத்திருந்ததைப் பார்த்தபோது எண்ணம் பிறந்ததாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்படிப் பிடித்த கரியில் செய்த மையை டெல் கணினி நிறுவனம் இந்தியாவில் தன் அட்டைப் பெட்டிகளில் அச்சிடப் பயன்படுத்தியது.

ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு விவேகம் இருக்கிறது. காரும் லாரியும் ஊர் சுற்றுபவை. சாதனத்தை எங்கே கழற்றுவது, யார் கழற்றுவது என்ற தொல்லை உண்டு. ஜெனரேட்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு காரணம் கணக்குப் போட்டால் விளங்கும்.

ஐரோப்பாவில் 1992-ஆம் ஆண்டில் வந்த முதல் யூரோ விதி, டீசல் கார் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கு 0.14 கிராம் துகள் வெளியிடலாம் என்றது. 2009-இல் தொடங்கிய யூரோ 5 விதி அதை 0.005 கிராமாகச் சுருக்கியது. 45 நிமிடத்தில் ஒரு கார் 30 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி நான்கு கிராமுக்குச் சற்று மேல் கரி கிடைக்கும். மையில் பெரும்பகுதி திரவம்தான் என்பதால் ஒரு சிறு குப்பிக்கு அது போதும். புதிய விதிப்படி கிடைப்பதோ 0.15 கிராம். பேனா முனையை நனைக்கலாம், அவ்வளவுதான்.

புதிய டீசல் வாகனங்களில் துகள் வடிகட்டி ஆலையிலிருந்தே பொருத்தப்பட்டு வருகிறது. அது பிடிக்கும் கரியை அவ்வப்போது தானே சூடேற்றி எரித்துவிடுகிறது. சிங்கப்பூரில் புதிய டீசல் வாகனங்களுக்கு 2018 ஜனவரி முதல் யூரோ 6 விதி நடப்புக்கு வந்தது. மலேசியாவில் 2021 ஏப்ரல் முதல் யூரோ 5 தர டீசல் விற்பனையாகிறது. வண்டிகள் சுத்தமாக ஆக, புகை மைக்கு மூலப்பொருள் குறையும். அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. மை கிடைக்காமல் போவதே அங்கு நல்ல செய்தி. பழைய லாரிகளும் மீன்பிடிப் படகுகளும் ஜெனரேட்டர்களும் ஓயும் வரைக்கும்தான் இந்த மைக்கு வேலை. அவை அவ்வளவு சீக்கிரம் ஓய்ந்துவிடப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

கரி வேறு, கரியமில வாயு வேறு

இந்த மையைப் பற்றி வந்த செய்திகளில் அடிக்கடி நேர்ந்த குழப்பம் ஒன்று உண்டு. ‘கார்பனைப் பிடிக்கிறது’ என்றதும் புவி வெப்பமடைவதையே இது தடுத்துவிடும் என்று பலர் நினைத்துவிட்டார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாத வாயு. வடிகட்டி எதுவும் அதைப் பிடிக்காது. அதிலிருந்து இந்த மை வரவும் இல்லை. பிடிபடுவது கரித்துகள் மட்டுமே.

துகளைப் பிடிப்பது சிறிய காரியம் என்று இதற்குப் பொருளல்ல. 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைவான துகள், தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்க முடியாமல் நுரையீரலின் ஆழம் வரை போகிறது. அதிலும் நுண்ணியவை இரத்தத்திலேயே கலக்கின்றன. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் இதய நோயுள்ள முதியவர்களுக்கும் இதன் விலை உடனே தெரிந்துவிடும்.

புகைமூட்டத்தை அனுபவித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2013-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது. இரண்டே நாளில் ஜொகூரின் மூவாரில் குறியீடு 700-ஐத் தாண்டி, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்தோனேசியக் காடுகளிலும் புதைகரி நிலங்களிலும் எரிந்த தீயின் துகள்தான் அது. அந்தப் புகையைப் பிடித்து மை செய்யலாமே என்று கேட்கத் தோன்றலாம். முடியாது. குழாய் வாயிலில் திரண்டு வரும்போது பிடித்தால்தான் கரி கைக்குச் சிக்கும். வானத்தில் பரவிய பிறகு ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது மில்லிகிராமில் ஒரு பங்குதான். நுரையீரலைக் கெடுக்க அது போதும். ஒரு சொல் எழுதக்கூடப் போதாது.

சுரண்டி எடுக்க வேண்டாம்

கதையைக் கேட்டதும் சில மாணவர்களுக்கு அப்பாவின் லாரிப் புகைக்குழாயைச் சுரண்டி அறிவியல் கண்காட்சிக்கு மை செய்யும் ஆசை வரலாம். அது கூடவே கூடாது. பெற்றோரும் ஆசிரியர்களும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுப்புக்கரிக்கும் எஞ்சின் கரிக்கும் வேறுபாடு பெரிது. டீசல் கரியின்மேல் முழுதாக எரியாத எண்ணெயிலிருந்து பிறந்த பென்சோபைரீன் போன்ற பொருள்கள் ஒட்டியிருக்கும். எஞ்சின் தேய்மானத்தால் உதிர்ந்த உலோகங்களும் சேர்ந்திருக்கும். 1775-ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், சிறு வயதில் புகைபோக்கி சுத்தம் செய்யப் போனவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வருவதைக் கண்டு, தோலில் படிந்த கரியே காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலால் வரும் புற்றுநோயை மருத்துவ உலகம் அடையாளம் கண்ட முதல் நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ஆம் ஆண்டில் உறுதியாக வகைப்படுத்தியது.

புகைக்கரி மையின் நேர்மை இங்கேதான் சோதிக்கப்படுகிறது. கரியைச் சுத்தம் செய்தபோது பிரிந்த நஞ்சு எங்கே போனது? முறையாக அகற்றினார்களா, சாக்கடையில் ஊற்றினார்களா? சுத்தம் செய்யச் செலவான மின்சாரமும் இரசாயனமும் எவ்வளவு? புட்டியின் மேல் பச்சை இலை படம் போட்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கேள்விகள் மறைந்துவிடுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் மை என்றால் இரட்டிப்பாகக் கேட்க வேண்டும்.

வேறு கழிவுகள், வேறு மைகள்

கரிக்குப் புகைதான் வழி என்றும் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த ஸ்காட் ஃபுல்பிரைட், ஸ்டீவன் ஆல்பர்ஸ் இருவரும் 2013-ஆம் ஆண்டில் லிவிங் இங்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சத்துணவுப் பொருளாக விற்கும் பாசியிலிருந்து வேண்டியதை எடுத்த பிறகு சக்கை மிஞ்சும். அதைக் கடும் வெப்பத்தில் கருக்கி, அரைத்துக் கறுப்புச் சாயமாக்குகிறார்கள். பாசி வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரிமம் மையாகத் தாளில் தங்கிவிடுகிறது. கரியமில வாயுவுக்கும் மைக்கும் உண்மையிலேயே உறவு இருப்பது இந்த வகையில்தான்.

பழைய டயரைக் காற்றில்லாமல் சூடாக்கினால் எண்ணெயும் வாயுவும் பிரிந்து, அதில் முன்பு கலந்திருந்த கார்பன் பிளாக் திரும்பக் கிடைக்கும். ஆனால், டயரில் சேர்த்த துத்தநாகமும் சிலிக்காவும் சாம்பலாக அதோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அது மீண்டும் ரப்பர் பொருளாகப் போவதே எளிது. நயமான எழுத்து மையாவது அரிது.

சோயா மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து சிடார் ரேப்பிட்ஸ் கெசட் நாளிதழ் சோயா எண்ணெய் மையில் அச்சாகி வழிகாட்டியது. பெட்ரோலிய எண்ணெயின் இடத்தில் தாவர எண்ணெய் வந்தது நல்ல மாற்றமே. என்றாலும் அதிலும் கறுப்பைக் கொடுப்பது பெரும்பாலும் அதே பெட்ரோலியக் கரிதான். ‘சோயா’ என்ற சொல் எண்ணெயைப் பற்றிப் பேசுகிறது. கறுப்பைப் பற்றிப் பேசவில்லை.

பேனாவை எடை போட்டால்

மையின் பசுமையைப் பேசும்போது பேனாவை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. சாதாரண பந்துமுனைப் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை ஐந்தாறு கிராம். உள்ளே இருக்கும் மை அரை கிராமுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் பிளாஸ்டிக்கும் சிறிது உலோகமும். அந்த அரை கிராமைக் கழிவிலிருந்து செய்துவிட்டு, எழுதி முடித்ததும் ஐந்து கிராம் பிளாஸ்டிக்கைக் குப்பைத்தொட்டியில் போட்டால் இலாபம் எங்கே? மை தீர்வதற்கு முன்பே தொலைந்து போகும் பேனாக்களின் கணக்கு வேறு.

இந்த வகையில் பழைய ஊற்றுப் பேனாதான் முன்னே நிற்கிறது. ஒரு குப்பி மை மாதக்கணக்கில் வரும். பேனா ஆண்டுக்கணக்கில் வரும். ஆனால் புகைக்கரி மையை அதில் ஊற்றத் துணிய வேண்டாம். கரி நீரில் கரைவதில்லை, மிதக்கிறது. காய்ந்தால் பேனாவின் நுண்ணிய வாய்க்காலில் அடைத்துக்கொள்ளும். பிறகு பேனாவைக் காப்பாற்றுவது கடினம். கழிவு மைகள் இதுவரை தடித்த முனைப் பேனாவிலும் தூரிகையிலும் அச்சிலும் அதிகம் புழங்குவதற்கு இதுவே காரணம். தொட்டு எழுதும் முனைப் பேனாவும் இதற்கு ஒத்துவரும்.

வீட்டிலும் பள்ளியிலும்

பாதுகாப்பாகச் செய்து பார்க்கக்கூடிய மைகள் சமையலறைக் குப்பையிலேயே இருக்கின்றன. தேங்காய்ச் சிரட்டைக் கரியை அம்மியிலோ உரலிலோ மாவாகப் பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, கருவேலம்பிசின் கரைத்த நீரில் குழைத்தால் தூரிகைக்கு ஏற்ற கறுப்பு மை கிடைக்கும். பொடிக்கும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். பிசின் எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் கரித்தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் இறங்கிவிடும். தாளில் காய்ந்த பிறகும் விரலோடு வந்துவிடும். எவ்வளவு அரைத்தாலும் சிரட்டைக்கரி விளக்குக்கரியின் மென்மைக்கு வராது. குப்பியைக் குலுக்கிவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். நாராவில் அகல் விளக்கோடு மெனக்கெடுவது ஏன் என்பது அப்போது புரியும்.

இதைவிடச் சுவையான சோதனை தேயிலைச் சக்கையில் இருக்கிறது. தே தாரிக் கடைகளில் தினமும் வாளி வாளியாகக் கொட்டப்படும் பொருள் அது. துருப்பிடித்த ஆணிகளை ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, மூழ்கும் அளவு வினிகர் ஊற்றி ஒரு வாரம் வைக்க வேண்டும். இரும்பும் வினிகரும் சேரும்போது வாயு வெளிவரும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. துணியால் மூடினால் போதும். இன்னொரு பாத்திரத்தில் தேயிலைச் சக்கையைக் குறைந்த நீரில் நன்றாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். ஆறிய டிக்காஷனில் ஆணி ஊறிய வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பழுப்பு நிறம் கண்ணெதிரே கருநீலமாகி, கறுப்பாகும். கடுக்காயும் அன்னபேதியும் செய்த அதே வேலை. மங்குஸ்தீன் தோலிலும் துவர்ப்பு நிறைய உண்டு. பருவத்தில் அதையும் காய்ச்சிப் பார்க்கலாம். கொஞ்சம் பிசின் சேர்த்தால் முனையிலிருந்து ஒழுகாமல் எழுத வரும்.

எழுதியவுடன் எழுத்து வெளிறித் தெரியும்; காற்றுப் பட்டு அரைமணி நேரத்தில் கருக்கும். பிள்ளைகளுக்கு மந்திரம்போல் தோன்றும் இடம் இது. காற்றிலுள்ள பிராணவாயு இரும்பை மாற்றுகிறது என்று விளக்கினால் பாடமும் முடிந்துவிடும். இந்த மையில் ஒரு குறை உண்டு. புளிப்பு மிகுந்தது என்பதால் நாளடைவில் தாளை அரித்துவிடும். ஐரோப்பிய நூலகங்களில் பழைய ஏடுகள் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் ஓட்டையாகிக் கிடப்பதற்கு இதுதான் காரணம். வாழ்த்து அட்டை எழுதலாம். பிறப்புப் பத்திரத்தின்மேல் எழுத வேண்டாம்.

பள்ளித் திட்டப்பணியாகச் செய்வோர் மை கறுப்பாக வந்ததோடு நிறுத்திக்கொள்ளாமல் மேலும் சில நாள் கவனித்தால் மதிப்பெண்ணும் கூடும், விஷயமும் தெளியும். ஒரே வாக்கியத்தை மூன்று தாளில் எழுதி, ஒன்றைச் சன்னல் வெயிலில் ஒட்டி, ஒன்றின்மேல் நீர் தெளித்து, ஒன்றைப் புத்தகத்துக்குள் மூடிவைத்து இரண்டு வாரம் கழித்து ஒப்பிடலாம். கரி மை வெயிலுக்கு அசையாது. வெறும் தேயிலைச் சாறோ மஞ்சளோ கொண்டு எழுதியது வெளிறிப்போகும்.

தாவரச் சாற்று மைகளில் சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும். நம் தட்பவெப்பத்தில் பத்து நாள்கூடத் தாங்காது. இரண்டு கிராம்பைத் தட்டிப் போட்டு வைப்பது பழைய எழுத்தர்களின் வழக்கம். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதானால் இன்னும் சில வாரம் இருக்கும். குப்பியின்மேல் ‘மை’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வைக்கவும். பார்க்க அச்சாகக் கிச்சாப் போலவே இருக்கும்.